முப்பது வருடம் கழித்து ஒரு பகுதி எப்படி இருக்க வேண்டும்: அதை எல்லோரும் சேர்ந்து பேசுவது எப்படி?

ஒரு மாவட்டமோ, ஒரு ஆற்றுப் படுகையோ, ஒரு பெருநகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுமோ இன்னும் இருபது முப்பது வருடத்தில் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று அங்கே வாழ்கிறவர்களே உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சை அரசின் முடிவுகள் வரை கொண்டுபோவதைத்தான் வட்டார எதிர்காலம் குறித்த பொது உரையாடல் என்கிறார்கள். பெயர் கொஞ்சம் கனம்தான், விஷயம் அவ்வளவு கனமில்லை. என்ன வேலைகள் இருக்கும், தண்ணீரும் காற்றும் நிலமும் என்ன ஆகும், யாரெல்லாம் அங்கே தொடர்ந்து வாழ முடியும் என்கிற மூன்று கேள்விகளையும் தனித்தனித் துறைகள் தனித்தனி அறைகளில் தீர்மானிக்காமல் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

கருத்துக்கேட்புக் கூட்டம்தானே இது, ஏற்கெனவே நடப்பதுதானே என்று தோன்றலாம். அது வேறு. கருத்துக்கேட்பு பெரும்பாலும் திட்டம் தயாரான பிறகு நடக்கிறது. ஆலை எங்கே வரும், சாலை எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் முடிவாகி, வரைபடமும் போட்டு முடித்து, கடைசியில் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் மக்கள் கையில் மிச்சமிருப்பது ஆமாம், இல்லை என்கிற இரண்டு சொற்கள்தான், பிறகு கூட்டம் கூச்சலில் முடியாமல் என்ன செய்யும்? நான் சொல்லும் உரையாடல் அதற்குப் பல வருடம் முன்னால், எந்தத் திட்டத்துக்கும் இன்னும் டெண்டர் வராதபோது, யாருக்கும் இன்னும் முகம் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் வராதபோது நடக்க வேண்டியது.

பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூகம் மூன்றையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்பதற்கு பிரான்ஸ் நல்ல உதாரணம். 2018 நவம்பரில் அங்கே மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது. அதைக் கிளப்பிவிட்டது எரிபொருள் வரி உயர்வு. சுற்றுச்சூழல் பக்கமிருந்து பார்த்தால் அந்த வரியில் நியாயம் இருந்தது: பெட்ரோல், டீசல் விலை ஏறினால் புகை குறையும். ஆனால் மெட்ரோவும் பேருந்தும் இருக்கும் பெருநகரத்துக்காரருக்கு அது பெரிய விஷயமே இல்லை. வேலைக்கும் மருத்துவமனைக்கும் பல கிலோமீட்டர் காரில் போயே ஆக வேண்டிய சிற்றூர்க்காரருக்கோ அது நேராகச் சம்பளத்தில் விழுந்த வெட்டு. டிசம்பரிலேயே அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. ஒரு துறையின் கணக்கில் சரியாக வந்த விடை, பக்கத்துத் துறையின் கணக்கில் தப்பாகப் போன கதை இது.

இந்த யோசனை புதிதும் அல்ல. நார்வே பிரதமராக இருந்த க்ரோ ஹார்லெம் புருன்ட்லாந்து தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987இல் வெளியிட்ட அறிக்கைதான் 'நிலைத்த வளர்ச்சி' என்கிற கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியது: இன்றைய தேவைகளைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் வருங்காலத் தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடக் கூடாது. 1992இல் பிரேசிலின் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஏற்கப்பட்ட 'அஜெண்டா 21' ஆவணம் இன்னும் ஒரு படி போய், 1996க்குள் உலகின் பெரும்பாலான உள்ளாட்சிகள் தங்கள் மக்களோடு கலந்து பேசி இதற்கான உள்ளூர்த் திட்டத்தைத் தயாரித்திருக்க வேண்டும் என்று தேதி போட்டே சொன்னது. சில ஆயிரம் உள்ளாட்சிகள் செய்யவும் செய்தன. பலவற்றில் அது அழகான ஓர் அறிக்கையோடு நின்றுபோனது, ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

சரி, எதற்கு முப்பது வருடம்? ஐந்து வருடத் தேர்தல் கணக்கு போதாதா? ஜெர்மனியின் ரூர் பகுதியைப் பாருங்கள். நிலக்கரியும் எஃகும்தான் அங்கே எல்லாம். 1958இல் நிலக்கரி விற்காமல் தேங்க ஆரம்பித்தது. கடைசிச் சுரங்கம் போட்ராப் நகரில் மூடப்பட்டது 2018 டிசம்பரில். நடுவில் அறுபது வருடம்! அந்த அறுபது வருடத்தில்தான் அப்போது ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லாத அந்தப் பகுதியில், போஹும் (Bochum) என்ற நகரில் 1965இல் ஒரு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் திறந்த சாக்கடையாகவே ஓடிய எம்ஷர் ஆற்றை மீட்கும் வேலை 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, 2021 முடிவில்தான் கழிவுநீர் கலக்காத ஆறாக அது ஓடியது. ஒரு ஆற்றுக்கு மட்டும் முப்பது வருடம், 500 கோடி யூரோவுக்கும் மேல். இதை எந்த ஒரு ஆட்சிக்காலத்துக்குள்ளும் அடக்க முடியாது. 2018இல் நிலக்கரி மானியம் நின்றுவிடும் என்கிற ஒப்பந்தமே 2007இல் போடப்பட்டுவிட்டது, தொழிலாளிக்கும் ஊருக்கும் பதினோரு வருட முன்னறிவிப்பு. அதே தொழில் பிரிட்டனில் 1984–85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சில வருடங்களிலேயே வரிசையாக மூடப்பட்டு, பல சுரங்க ஊர்கள் இன்னமும் எழுந்திருக்கவில்லை.

ரூர் சொர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கெல்சன்கிர்ஷன் போன்ற நகரங்களில் வேலையின்மை இப்போதும் ஜெர்மனியின் சராசரியைவிட மிக அதிகம், மானியத்துக்குப் போன பணமும் கொஞ்சநஞ்சமல்ல. இன்னொன்று, அங்கே மேசையில் உட்கார்ந்து பேசியது பெரும்பாலும் அரசும் தொழிற்சங்கமும் கம்பெனிகளும்தான், பொதுமக்களுக்குப் பின்வரிசைதான் கிடைத்தது. ஆனாலும் நீண்டகாலம் என்றால் எவ்வளவு நீளம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி உரையாடலுக்கு வருவோம். பெரும்பாலானவை கெட்டுப்போவது முதல் கேள்வியிலேயே. "உங்கள் பகுதி எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நல்ல வேலை, சுத்தமான காற்று, நல்ல பள்ளி, விலை கட்டுப்படியாகும் வீடு, நெரிசல் இல்லாத சாலை. யார் வேண்டாம் என்பார்கள்? அப்படிக் கிடைக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அதில் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பது இல்லை. ஆளுக்கொரு தனி வீடும் தோட்டமும் வேண்டும், விளைநிலமும் அப்படியே இருக்க வேண்டும், சாலையில் வண்டியும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றாக நடக்காது. அதை மக்கள் முன்னால் போட்டு உடைக்காத உரையாடல் வெறும் வாழ்த்துமடல்.

இதைச் சரியாகக் கையாண்ட முயற்சிகளில் ஒன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1997இல் தொடங்கிய 'என்விஷன் யூட்டா'. சால்ட் லேக் நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியில் அடுத்த இருபது சொச்சம் வருடத்தில் சுமார் பத்து லட்சம் பேர் கூடுவார்கள் என்று கணக்கு வந்தது. மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம், தண்ணீரும் தட்டுப்பாடு. வரும் மக்கள்தொகையை மாற்றாமல், அதே பத்து லட்சம் பேரை நான்கு விதமாகக் குடியமர்த்தினால் என்ன ஆகும் என்று நான்கு சித்திரங்கள் தயாரித்தார்கள். மிகவும் பரந்து கட்டும் சித்திரத்தில் சுமார் 400 சதுர மைல் புது நிலம் கட்டடமாகும். மிகவும் நெருக்கிக் கட்டும் சித்திரத்தில் 100 சதுர மைலுக்கும் குறைவு. ஒவ்வொன்றிலும் தண்ணீர்ச் செலவு எவ்வளவு, சாலைக்கும் குழாய்க்கும் எவ்வளவு பணம், காற்று எப்படி, வீட்டு மனை எவ்வளவு சிறுக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பத்திரிகைகள் வழியாகவும் வீடுகளுக்குக் கொண்டுபோய், எது வேண்டும் என்று கேட்டார்கள். அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது மூன்றாவது சித்திரத்தை: ஓரளவு நெருக்கமான குடியிருப்பு, நடந்து போகும் தூரத்தில் கடை, ரயில்.

யூட்டா அமெரிக்காவிலேயே மிகவும் பழமைவாத மாநிலங்களில் ஒன்று, நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று அரசு சொல்வதே அங்கே பலருக்குப் பிடிக்காது. நேராகப் போய் "ரயில் வேண்டுமா, வரி தருவீர்களா?" என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்பது என் ஊகம். கேள்வியோடு அதன் விலையும் சேர்ந்து வந்ததால்தான் பதில் மாறியது. அந்த அமைப்பிடம் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை, ஊராட்சிகள் விரும்பினால் ஏற்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எனவே நடந்ததும் பாதிப் பாதிதான்.

எதிர்காலச் சித்திரம் என்பது விருப்பத்தைக் கேட்க மட்டும் பயன்படுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1991–92இல், நிறவெறி ஆட்சி முடிந்துகொண்டிருந்த நேரத்தில், ஸ்டெல்லன்போஷ் அருகே மோன்ட் ஃப்ளூர் என்ற இடத்தில் 22 பேர் கூடினார்கள். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ்காரர்கள், தொழிற்சங்கத்தினர், பொருளாதார அறிஞர்கள், வெள்ளையர் நிறுவனங்களின் ஆட்கள் என்று சாதாரணமாக ஒரே அறையில் உட்கார வாய்ப்பில்லாத கூட்டம். என்ன நடக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தால் அன்றைக்கே கலைந்திருப்பார்கள். என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று மட்டும் பேசினார்கள். நான்கு கதைகள் வந்தன, எல்லாமே பறப்பதைச் சுற்றி: தலையை மணலில் புதைத்துக்கொள்ளும் நெருப்புக்கோழி (பேச்சுவார்த்தையைத் தட்டிக்கழிக்கும் அரசு), நொண்டி வாத்து (கை கட்டப்பட்ட இடைக்கால ஆட்சி), கிரேக்கக் கதையில் சூரியனை நெருங்கிப் பறந்து விழுந்த இக்காரஸ் (வருமானத்தைப் பார்க்காமல் செலவழித்து உயரப் பறந்து விழும் ஆட்சி), கூட்டமாக மெதுவாக எழும் பூநாரைகள் (எல்லோரும் சேர்ந்து படிப்படியாக முன்னேறும் நாடு). அந்த அறையில் இருந்த டிரெவர் மானுவெல் பிறகு நிதி அமைச்சராகவும், டிட்டோ ம்போவேனி மத்திய வங்கியின் ஆளுநராகவும் ஆனார்கள். இக்காரஸ் கதை அவர்கள் மனதில் பதிந்துபோனது என்று பலர் சொல்வார்கள். செலவைக் கட்டுப்படுத்தியதே பிற்பாடு வேலையின்மையை வளர்த்தது என்று விமர்சிப்பவர்களும் உண்டு. இருபத்திரண்டு பேர் பேசியதைப் பொது உரையாடல் என்று சொல்லலாமா என்று கேட்டால், அந்தக் கதைகளைப் பத்திரிகை இணைப்பாக அச்சடித்து நாடு முழுக்கப் பேச வைத்த பிறகுதான் அது பொதுவானது.

அப்புறம், யாரைக் கூப்பிடுவது? எல்லோரும் வரலாம் என்று அறிவித்துவிட்டால் ஜனநாயகம் ஆகிவிடுவதாக ஒரு நினைப்பு இருக்கிறது. வேலை நாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் வருவது ஓய்வு பெற்றவர்கள், கட்சிக்காரர்கள், அந்த முடிவில் நேரடி லாபநஷ்டம் உள்ளவர்கள், மைக் பிடிக்கக் கூச்சமில்லாதவர்கள். கூலி வேலைக்காரரும் கைக்குழந்தையோடு இருக்கும் தாயும் முந்தாநாள் வந்து குடியேறியவரும் வர மாட்டார்கள், ஆனால் அந்த முப்பது வருடத்தை முழுதாக வாழப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

இதற்கு இப்போது பல நாடுகளில் கையாளும் வழி குலுக்கல். வயது, பாலினம், படிப்பு, வசிக்கும் இடம் எல்லாம் மொத்த மக்கள்தொகையைப் போலவே அமையும்படி ஆட்களைக் குலுக்கலில் எடுத்து, வரும் நாளுக்குப் படி கொடுத்து, நிபுணர்களைக் கேள்வி கேட்க விட்டு, பல வார இறுதிகள் பேச வைக்கிறார்கள். இதைக் குடிமக்கள் அவை என்கிறார்கள். இதை நிரந்தர ஏற்பாடாகவே ஆக்கியது பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழி பேசும் கிழக்குப் பகுதி. மொத்தமே சுமார் 80,000 மக்கள். 2019இலிருந்து அங்கே 24 பேர் கொண்ட குடிமக்கள் மன்றம் எதைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்கிறது, குலுக்கலில் வந்த தனி அவை அதைப் பேசிப் பரிந்துரை தருகிறது, பிராந்திய நாடாளுமன்றம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும்.

குலுக்கலிலும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது, இன்னும் பிறக்காதவர்கள். இதற்கு ஜப்பானில் தத்சுயோஷி சைஜோ என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவரது குழுவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். 2015இல் இவாத்தே மாநிலத்தின் யாஹாபா என்ற ஊரில் மக்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலரை இன்றைய குடிமக்களாகவே பேசச் சொன்னார்கள், சிலரை 2060இல் வாழ்கிறவர்களாகத் தங்களை நினைத்துக்கொண்டு பேசச் சொன்னார்கள். இன்றைய குழுக்கள் இன்றைய குறைகளிலிருந்து நகரவில்லை. 2060 குழுக்கள் நாளாகும், செலவாகும் வேலைகளை முதலில் எடுத்தன, ஊரின் இயற்கையை எப்படிக் காப்பது என்று பேசின. ஆட்கள் ஒரே ஊர்க்காரர்கள்தான், உட்கார்ந்த வருடம் மட்டும் வேறு. ஜப்பானில் வேறு சில ஊர்களும் பிறகு இதைச் செய்து பார்த்தன.

இந்தத் துறையில் அதிகம் பேசாமல் விடப்படும் விஷயம் ஒன்று உண்டு, அது இழப்பு. நீண்டகாலத் திட்டம் எதுவானாலும் யாரோ சிலர் தங்கள் இடத்தையோ தொழிலையோ விட்டுக்கொடுக்கிறார்கள். 1993இலும் 1995இலும் நெதர்லாந்தில் ஆறுகள் பெருக்கெடுத்தன. 1995இல் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரையை உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை, ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்று அரசு முடிவுக்கு வந்தது. அப்படி இடம் விட வேண்டிய இடங்களில் ஒன்று ஓஃபர்டீப்ஸ போல்டர், பால் பண்ணைக்காரர்கள் வாழ்ந்த தாழ்நிலம். அவர்கள் எதிர்த்துப் போராடுவதற்குப் பதில் தாங்களே சங்கம் அமைத்து ஒரு யோசனை கொடுத்தார்கள்: கரையைத் தாழ்த்துங்கள், வெள்ளம் வந்தால் வயலில் நிற்கட்டும், எங்கள் வீட்டையும் தொழுவத்தையும் உயரமான மண்மேடுகளில் புதிதாகக் கட்டிக் கொடுங்கள். அரசு அதை ஏற்றது. ஆனால் எல்லோருக்கும் இடம் போதவில்லை. மொத்தமிருந்த பண்ணைகளில் ஏறக்குறைய பாதிதான் மேடேறின, மற்றவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். இதை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் சொல்கிறவர்கள் அந்த மறுபாதியைச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அந்த உரையாடலின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. யார் போவது, யார் இருப்பது, போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதை வெளிப்படையாக, முன்கூட்டியே, அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள்.

கடைசியாக, பேசி முடித்த பிறகு என்ன ஆகிறது? அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் போட்டுக் காட்டினார். கீழ்ப்படியில் ஏமாற்று, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், மேலே அதிகாரத்தைப் பகிர்வது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பெரும்பாலான கூட்டங்கள் நடுப்படியைத் தாண்டவில்லை. மேலே சொன்ன மஞ்சள் அங்கிப் போராட்டத்துக்குப் பிறகு பிரான்சில் குலுக்கலில் 150 பேரை எடுத்துக் காலநிலை அவை அமைத்தார்கள். சமூக நீதி கெடாமல் 2030க்குள் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தைக் குறைந்தது 40 சதவீதம் குறைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டார்கள், 2020 ஜூனில் 149 யோசனைகள் வந்தன. வடிகட்டாமல் முன்னெடுப்பேன் என்று அதிபர் மக்ரோன் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு மூன்றை நேராகவே ஒதுக்கினார், இன்னும் பல நீர்த்துப்போய்ச் சட்டமாயின. 2021 பிப்ரவரியில் அந்த அவையின் உறுப்பினர்களே அரசு தங்கள் யோசனைகளை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று மதிப்பெண் போட்டார்கள், பத்துக்கு 3.3.

வேல்ஸ் வேறு வழியில் போனது. 2014இல் நாடு தழுவிய உரையாடல் ஒன்று நடத்தி, 2015இல் வருங்காலத் தலைமுறையினர் நலவாழ்வுச் சட்டம் கொண்டுவந்தது. அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் முடிவெடுக்கும்போது நீண்டகால விளைவைப் பார்த்தாக வேண்டும், மக்களை ஈடுபடுத்தியாக வேண்டும் என்பது சட்டக் கடமை. அதைக் கண்காணிக்க ஓர் ஆணையரும் உண்டு. 2019இல் நியூபோர்ட் அருகே எம்4 நெடுஞ்சாலைக்குத் துணைச்சாலை போடும் பெரிய திட்டத்தை முதலமைச்சர் மார்க் ட்ரேக்ஃபோர்டு நிறுத்தினார், விசாரணை அதிகாரி பரிந்துரைத்திருந்தும். செலவும் சுற்றுச்சூழலும் அவர் சொன்ன காரணங்கள். ஆணையர் முன்பே எதிர்த்திருந்தார். ஆனால் ஆணையருக்கு எதையும் தடுக்கும் அதிகாரம் கிடையாது. சொல்லலாம், துறைகள் பதில் தர வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே இப்படி ஓர் உரையாடலுக்கு உங்களைக் கூப்பிட்டால் முதல் கூட்டத்திலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை, எது ஏற்கெனவே முடிந்துபோனது? எங்கள் பரிந்துரை எந்த மேசைக்குப் போகும், எந்தத் தேதிக்குள் பதில் வரும், மறுத்தால் எழுத்தில் காரணம் கிடைக்குமா? அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினால் இந்தக் கோப்பு யாரிடம் இருக்கும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் போங்கள், ஆனால் பேசியது அத்தனையும் பதிவாகி யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியாக வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.